அப்பமும் சோறும்

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஜொகூர் பாருவில் வாழும் தமிழ்க் கிறித்தவர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். கோயிலில் திருவிருந்து வேளையில் குருவானவர் கையிலிருந்து கோதுமை அப்பத்துண்டு ஒன்றைப் பெறுகிறார். கண்களை மூடி, நெஞ்சை ஒடுக்கி, அதனை வாயில் இடுகிறார். வழிபாடு முடிந்து அரைமணி நேரம் கழிவதற்குள் உணவுக்கடை ஒன்றில் அமர்ந்து தோசையோ நாசி லெமாக்கோ உண்கிறார். அப்போது அவர் கண் கைப்பேசியில் இருக்கிறது. பேச்சு ஊர்வம்பில் இருக்கிறது. இலையில் பாதி உணவு எஞ்சிக் கிடக்கிறது. முன்னதும் உணவு, பின்னதும் உணவு. முன்னது திருவுணவு, பின்னது வெறும் உணவு என்னும் வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இவ்வினாவை இறையியலாருக்கு உரியதென்று தமிழாசிரியர் ஒதுக்கிவிடுதல் ஆகாது. இவ்வேறுபாட்டை வளர்த்ததில் தமிழ்ச் சொற்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த ஒரு சொல், மக்களின் சமையற்கட்டையும் வழிபாட்டையும் எவ்வாறு பிரித்தது என்பதையும், அப்பிரிவை மக்களே எவ்வாறு கடந்தனர் என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஒரு சொல் இரண்டான கதை

தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். அஃது 1715-இல் அச்சில் முற்றுப்பெற்றது. பின்னர்ப் பப்ரீசியசு, இரேனியசு முதலியோர் அப்பணியைத் தொடர்ந்தனர். பவர் தலைமையில் அமைந்த குழுவினர் செய்த பெயர்ப்பு 1871-இல் நிறைவுற்றது. சீர்திருத்தச் சபையினரிடம் இன்றும் பெருவழக்காக உள்ளது அதுவே. கத்தோலிக்கரும் பிறரும் சேர்ந்து உருவாக்கிய பொதுமொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தது.

இயேசு கற்பித்த மன்றாட்டில், ‘இன்றைய உணவைத் தருக’ என்னும் வேண்டுதல் உண்டு. அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘ஆர்த்தொஸ்’ என்பது. இறுதி விருந்தில் இயேசு கையில் எடுத்துப் பிட்டதும் ஆர்த்தொஸ். யோவான் நற்செய்தியில் தம்மையே அவர் உவமித்துக் கூறுவதும் ஆர்த்தொஸ். மூன்று இடத்திலும் மூலச்சொல் ஒன்றே. பழைய தமிழ்ப் பெயர்ப்போ, மன்றாட்டில் ‘ஆகாரம்’ என்கிறது. விருந்திலும் உவமையிலும் ‘அப்பம்’ என்கிறது. வயிற்றுக்குக் கேட்குமிடத்து ஒரு சொல், வழிபாட்டுக்கு உரிய இடத்து வேறொரு சொல் என்று இரண்டாகிவிட்டன.

இயேசுவின் முன்னோர் மொழியாகிய எபிரேயத்தில் ‘லெகெம்’ என்னும் சொல் அப்பத்தையும் குறிக்கும். பொதுவாக உணவையும் குறிக்கும். அவர் பிறந்த பெத்லகேம் என்னும் ஊர்ப்பெயருக்கே ‘அப்ப வீடு’ என்று பொருள் கூறுவர். தமிழில் இவ்விரு பொருளும் ஒருங்கே அமைந்த சொல் யாது? ‘சோறு’ என்பதே. ‘சோறு தின்றாயா?’ என்று கேட்பவர் அரிசியை மட்டும் கருதிக் கேட்பதில்லை. ஜொகூரில் நம் அண்டை வீட்டு மலாய்க்காரரும் ‘நாசி’ என்னும் சொல்லை இவ்வாறே ஆள்கின்றனர். ஒரு மக்களுக்கு உயிர்நாடியான தானியம் எதுவோ, அதன் பெயரே உணவு அனைத்திற்கும் பெயராகிவிடுகிறது.

தமிழ்ச் செவியில் அப்பம்

அப்பம் அத்தகைய சொல் அன்று. பெரும்பாணாற்றுப்படையில் கூவியர் என்னும் அப்பவாணிகர் பாகொடு சேர்த்துச் செய்யும் இனிய பண்டம் வருகிறது. அருணகிரிநாதரின் திருப்புகழ் விநாயகர் துதியில் கனி, அவல், பொரி ஆகியவற்றோடு அப்பமும் படையற்பொருளாக நிற்கிறது. எனவே அப்பம் என்பது பழங்காலந்தொட்டுச் சிறப்பு நாளுக்கும் படையலுக்கும் உரிய பண்டம். நாள்தோறும் பசி தீர்க்கும் உணவன்று. ஜொகூரில் வளரும் பிள்ளைக்கோ இச்சொல் இன்னும் இனிக்கும். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் இட்ட அப்பமும், மலாய்க் கடைகளில் மடித்துத் தரும் ‘அப்பம் பாலிக்’கும் அதன் நினைவுக்கு வரும்.

இதனால் விளைந்த நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. படையலோடு பழகிய சொல்லாதலின், திருவிருந்தின் தூய்மையைத் தமிழர் நெஞ்சில் அஃது எளிதாகப் பதித்தது. இது நன்மை. இழப்பு யாதெனின், ஏழைமை மறைந்துபோனது. ஐயாயிரவர் பசி தீர்த்த நிகழ்ச்சியில் ஒரு சிறுவன் கொண்டுவந்தவை வாற்கோதுமை அப்பங்கள் ஐந்து என்கிறார் யோவான். அந்நாட்டில் கோதுமை வாங்க இயலாத எளியவர் உண்டது வாற்கோதுமை. நம் நாட்டுக் கேழ்வரகுக் கூழுக்கும் பழஞ்சோற்றுக்கும் ஒப்பான உணவு அது. அதனைப் படிக்கும் தமிழ் மாணவன் ஐந்து இனிப்புப் பண்டங்களை எண்ணிக்கொள்வானாயின், அந்நிகழ்ச்சியின் உயிர்நிலையே அவனுக்குப் புலனாகாது.

மொழிபெயர்ப்பாளர்மீது குறை கூறுவது எளிது. அவர்தம் இடர்ப்பாட்டையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். சோற்றை ஐந்து என்றும் ஏழு என்றும் எண்ண இயலாது. சோற்றைப் பிட்கவும் இயலாது. உயிர்த்தெழுந்த இயேசுவை எம்மாவு ஊரில் சீடர் இருவர் இனங்கண்டதே அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான். அங்குச் சோறு என்று எழுதினால் கதை நில்லாது. பொதுமொழிபெயர்ப்பினர் யோவான் நற்செய்தியின் உவமையில் மட்டும் ‘உணவு’ என்று மாற்றினர். மன்றாட்டுச் சொல்லும் உவமைச் சொல்லும் அதனால் ஒன்றாயின, இது போற்றத்தக்கதே. எனினும் ‘உணவு’ என்பது பொதுச்சொல். அதற்கு மணமில்லை, சூடில்லை. அதனைக் கையில் எடுக்க முடியாது. ஒன்றைப் பெற ஒன்றை இழந்தனர் என்றே கூறவேண்டும்.

எரோணிமுவும் மலாய் மன்றாட்டும்

இவ்விடர்ப்பாடு தமிழருக்கு மட்டும் நேர்ந்ததன்று. மன்றாட்டில் உணவுக்கு அடையாக வரும் ‘எபியூசியொஸ்’ என்னும் கிரேக்கச் சொல் பிற நூல்களில் வழங்காத அருஞ்சொல். நற்செய்தியாளரே ஆக்கிக்கொண்டது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன் எழுதினார். விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த எரோணிமு, லூக்கா நற்செய்தியில் இதனை ‘அன்றாட’ என்று பெயர்த்தார். மத்தேயு நற்செய்தியில் அதே சொல்லைப் ‘பொருள் கடந்த’ என்னும் கருத்தில் பெயர்த்தார். ஒரே அறிஞர் ஒரே சொல்லை ஓரிடத்தில் அடுப்படிக்கும் ஓரிடத்தில் பலிபீடத்துக்கும் உரியதாக்கினார். பின்வந்தோர் இரண்டில் ஒன்றைத் தேர வேண்டும் என்று வாதிட்டனர். இரண்டும் ஒன்றே என்பதற்காகத்தான் மூலத்தில் ஒரு சொல் நின்றதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

கத்தோலிக்கர் வேண்டும் மலாய் மன்றாட்டில் இவ்விடத்தில் ‘ரெசெக்கி’ என்னும் சொல் வருகிறது. அரபு மொழியிலிருந்து மலாயில் கலந்த சொல் அது. இறைவன் அளக்கும் உணவு, பிழைப்பு, வருவாய் அனைத்தையும் அது குறிக்கும். கடைக்காரர் அன்றைய வியாபாரத்தை ரெசெக்கி என்பார். குழந்தை பிறப்பதையும் ரெசெக்கி என்பார். தட்டில் உள்ளது தன் முயற்சியால் மட்டும் வந்ததன்று என்னும் உணர்வு அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. அத்தகைய சொல் தமிழிலும் உண்டா என்பதை இறுதியில் காண்போம்.

திருமறையிற் புகுந்த கூழ்

சமையற்கட்டுச் சொற்கள் தமிழ் விவிலியத்தில் அறவே இல்லை என்று கருதற்க. பசித்து வந்த ஏசா தன் தலைமகன் உரிமையை விற்றது எதற்காக? பயற்றங்கூழுக்காக. 1871-இன் பெயர்ப்பு ‘கூழ்’ என்றே கூறுகிறது. அச்சொல்லைப் படித்த அளவில் நம் பாட்டிமாரின் அடுப்பும் மண்சட்டியும் கண்முன் வருகின்றன. அண்ணன் தம்பி இருவரும் நம் ஊராராகிவிடுகின்றனர். ஆனால் இங்கே கூழ் ஆசையின் அறிகுறியாக நிற்கிறது. விண்ணுலக உணவுக்கு அப்பம், மண்ணுலக ஆசைக்குக் கூழ் என்று படிப்போர் எண்ணிவிடக்கூடும்.

அவ்வாறு எண்ணுவது பிழை என்பதை எலிசாவின் கதை காட்டும். நாட்டில் பஞ்சம். தீர்க்கதரிசியின் மாணவர்க்காகப் பெரிய பானையில் கூழ் காய்ச்சப்படுகிறது. அறியாமல் நச்சுக்காய் அதில் கலந்துவிடுகிறது. எலிசா சிறிது மாவை அள்ளிப் போட, கூழ் நல்லுணவாகிறது. அருட்செயல் நடந்த இடம் பலிபீடமன்று, அடுப்பு. கருவியாக இருந்தது ஒரு பிடி மாவு. இதற்கு மேல் சமையற்கட்டுக்குச் சிறப்பு வேறு வேண்டுமோ?

வீரமாமுனிவர் இதனை நன்கு உணர்ந்தவர். தேம்பாவணியில் அவர் யூதேய நாட்டை நெல்வயல் சூழ்ந்த தமிழ் மருதநிலமாகவே படைத்தார். காப்பிய மரபை ஒட்டிய கற்பனை அது என்பர். அது மட்டுமன்று, திருக்குடும்பத்தைச் சோறுண்ணும் மக்களிடையே குடியேற்றியதும் அதுவே. உரைநடையில் மொழிபெயர்ப்பாளர் செய்ய இயலாததைக் கவிஞர் செய்தார்.

பிரிவு தந்த துயரம்

அப்பமும் சோறும் பிரிந்ததால் நேர்ந்தது சொல்லிழப்பு மட்டுமாயின், அதனைப் பெரிதாகப் பேசவேண்டுவதில்லை. தமிழகத் திருச்சபை வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பல சபைகளில் சாதி வாரியாக அமர்ந்து வழிபட்டனர்; திருவிருந்தையும் முன்பின்னாக வரிசைப்படி பெற்றனர். 1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் இவ்வேறுபாடுகளை உடனே விடவேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தார். தஞ்சை முதலிய இடங்களில் எதிர்ப்பு மூண்டது. சபையை விட்டு நீங்கினாரும் உளர்.

மதுரை அமெரிக்க மிசியோன் 1847-இல் தன் ஊழியர்க்கு வைத்த தேர்வு இன்னும் கூர்மையானது. அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணவேண்டும் என்றனர். வேதவசனம் அறிந்தவர், பிறர்க்குக் கற்பித்தவர், ஒரே பீடத்து அப்பத்தை உண்டவர் பலர், ஒரே பந்தியில் சோறு உண்ண இசையாமல் வேலையைத் துறந்தனர். அப்பம் கடவுளுடையது, சோறு சாதியுடையது என்று மனத்தில் கோடு கிழித்துக்கொண்டவரே இவ்வாறு செய்ய இயலும். அன்றாட உணவில் ஆன்மிகப் பொருள் உண்டோ இல்லையோ என்பது ஏட்டுச் சிக்கலன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணி வழி வந்தோரும் இக்கோட்டைத் தம்மோடு கொணர்ந்தனர். யார் வீட்டில் கை நனைப்பது என்னும் கேள்வி கடல் கடந்தும் அழியவில்லை.

மக்கள் கண்ட வழி

அறிஞர் பிரித்ததை ஆங்காங்கே மக்கள் இணைத்தனர். திருநெல்வேலிச் சீமையில் கோயில் திருநாளையொட்டி ‘அசனம்’ என்னும் பொதுவிருந்து நடைபெறும். பெரிய அண்டாக்களில் சோறும் குழம்பும் ஆக்கி, ஊரார் அனைவரும் வரிசையாக அமர்ந்து உண்பர். வழிபாட்டின் தொடர்ச்சியாகவே அதனைக் கருதுவர்.

இன்னொரு வழக்கம் பிடியரிசி. உலையில் இடுமுன் பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலத்தில் இட்டு, திருப்பணிக்காகச் சேர்ப்பர். மிசோரம் கிறித்தவப் பெண்டிர் 1910 முதல் இதே முறையைப் பின்பற்றி வருகின்றனர். காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரசுவதியும் பிடியரிசித் திட்டத்தை வகுத்தார். ஆதலின் இஃது ஒரு சமயத்தாரின் தனியுடைமை அன்று. அரிசி களையும் வேளையே வழிபாட்டு வேளையாகிறது. பெண்ணின் கையே காணிக்கைத் தட்டாகிறது.

கேரளத்துச் சிரியன் கிறித்தவர் இல்லங்களில் பெரிய வியாழன் இரவில் பெசகா அப்பம் பிட்கப்படும். அரிசிமாவும் உளுந்தும் சேர்த்துப் புளிக்கவைக்காமல் செய்த அப்பம் அது. குடும்பத் தலைவர் பிட்டுத் தர, அனைவரும் வரிசையாகப் பெற்றுக்கொள்வர். அப்பம் என்னும் சொல்லும் அரிசி என்னும் பொருளும் வீடு என்னும் இடமும் ஒன்றுகூடும் இடம் அது.

இவற்றையெல்லாம் தமிழ் இலக்கியம் அறியாததன்று. திருவள்ளுவர் ‘பாத்தூண்’ என்னும் அரிய சொல்லை ஆண்டார். பகுத்து உண்ணுதல் என்பது அதன் பொருள். அப்பத்தைப் பிட்டுத் தருதல் என்பதன் உட்பொருளைத் தமிழிற் கூற இதனினும் பொருத்தமான சொல் இல்லை. சோற்றைப் பிட்க இயலாது, பகுக்க இயலும். மணிமேகலையின் அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. எனினும் அது தானே நிரம்பவில்லை. ஆதிரை என்னும் இல்லறத்தாள் முதலில் இட்ட பிச்சையால் நிரம்பிற்று. ஐயாயிரவர் விருந்தும் பெயரறியாச் சிறுவன் ஒருவன் கொடுத்ததில் தொடங்கிற்று. பௌத்தக் காப்பியமும் கிறித்தவ நற்செய்தியும் கொள்கையில் வேறுபடினும், எளிய கையொன்று முதலில் ஈயவேண்டும் என்பதில் ஒன்றுபடுகின்றன. அவ்விருந்து முடிந்தபின் துணுக்குகளைப் பன்னிரண்டு கூடைகளில் சேர்த்தனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. குறைவின்றிப் பெருக்கியவரே ஒன்றும் வீணாகலாகாது என்றார்.

தானியம் மாறினால் போதுமா?

சப்பானிய இறையியலார் மசாவோ தக்கேனாகா 1986-இல் ‘கடவுள் சோறு’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூல் ஒன்று வெளியிட்டார். கொரியக் கவிஞர் கிம் சி-ஹா சோற்றை வானத்துக்கு ஒப்பிட்டுப் பாடியதும் அறிஞர் அறிந்ததே. வானம் ஒருவர்க்கு உரியதன்று, சோறும் அவ்வாறே என்பது அவர் கருத்து. ஆசிய மக்களுக்கு ஆசிய உணவின் வழியே மறைபொருளை உணர்த்த வேண்டும் என்னும் இம்முயற்சி வரவேற்கத்தக்கது.

எனினும் ஒரு தடை எழும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் விதி, நற்கருணை அப்பம் கோதுமையால் மட்டுமே ஆகவேண்டும் என்கிறது. அங்கே அரிசிக்கு இடமில்லை. இடமிருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. பீடத்தில் அரிசியப்பம் வைத்துவிட்டு, வீட்டில் சோற்றை வீணாக்கி, அடுத்த வீட்டாரோடு உண்ண மறுத்தால் யாது பயன்? 1847-இல் பந்தியை விட்டு எழுந்தோரைத் தடுத்தது தானியம் அன்று. பீடத்தில் உண்டபோது கற்றதை வீட்டுச் சோற்றுக்குக் கொண்டுவராத நெஞ்சமே தடுத்தது.

அன்றாடங்காய்ச்சி

ஜொகூர்த் தமிழரிற் பெரும்பாலோரின் முன்னோர் பால்மரம் வெட்டியோர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரத்தில் கத்தி வைத்து, பால் சேர்த்தோர். அவர்கள் வளர்த்த மரம் உண்ணும் பொருள் தருவதன்று. நெல் விளையும் வயலை அவர்கள் ஊரில் விட்டு வந்தனர். இங்கே அரிசி கடையிலிருந்து வந்தது. 1942 தொடக்கத்தில் ஜொகூர் சப்பானியர் வசமாயிற்று. அரிசி வரத்து அற்றது. மரவள்ளிக்கிழங்கே காலை உணவும் இரவு உணவும் ஆயிற்று. ஆண்கள் பலர் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அந்நாளில் இன்றைய உணவைத் தருக என்று மன்றாடிய தாய்க்கு, ‘எபியூசியொஸ்’ என்பதன் பொருளை எவரும் விளக்கவேண்டிய தேவை இருந்திராது.

அவளைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் உண்டு: அன்றாடங்காய்ச்சி. அன்றைக்குக் கிடைத்ததை அன்றைக்கே காய்ச்சிக் குடிப்பவர் என்பது பொருள். இகழ்ச்சி தோன்றவே அதனை வழங்குகிறோம். மன்றாட்டைக் கற்பித்தவரோ தம் சீடர் அனைவரையும் அன்றாடங்காய்ச்சிகளாக இருக்கச் சொன்னார். பாலைநிலத்தில் இசுரயேலர்க்குக் கிடைத்த மன்னாவும் அன்றன்றைக்கே உரியது. மறுநாளுக்கென்று மறைத்து வைத்தது புழுத்துப் போயிற்று. ஓய்வுநாளுக்கு முந்திய நாளில் சேர்த்தது மட்டுமே இரு நாளுக்கு நின்றது. மலாயில் ரெசெக்கி என்னும் சொல்லில் உள்ள உணர்வுக்கு நிகராகத் தமிழில் இச்சொல்லைக் கருதலாம். அது தருபவனை நோக்குகிறது. இது பெறுபவரை நோக்குகிறது. ஏழையின் பட்டப்பெயரே மன்றாட்டின் உரையாக அமைந்துவிட்டது.

ஆகவே ‘அப்பம்’ என்னும் சொல்லை விவிலியத்திலிருந்து நீக்கவேண்டும் என்பது என் கருத்தன்று. முந்நூறு ஆண்டுகளாக வழிபாட்டில் ஊறிய சொல் அது. ஆசிரியர் அதனைக் கற்பிக்கும்போது அருகில் சோற்றையும் கூழையும் நிறுத்திக் கற்பிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஐந்து வாற்கோதுமை அப்பத்தைச் சொல்லுமிடத்துப் பழஞ்சோற்றையும், அப்பம் பிட்டதைச் சொல்லுமிடத்துப் பாத்தூணையும், மன்றாட்டைச் சொல்லுமிடத்து அன்றாடங்காய்ச்சியையும் எடுத்துக் காட்டலாம். கிறித்தவ மாணவர்க்கு அவர்தம் மறை வீட்டுமொழியில் விளங்கும். பிற மாணவர்க்குத் தமிழ்ச்சொல்லின் ஆழம் விளங்கும்.

தொடக்கத்தில் நாம் கண்ட ஜொகூர் அன்பர் உணவுக்கடையில் இன்னும் அமர்ந்திருக்கிறார். கோயிலில் மூடிய கண்களை இங்கும் மூடவேண்டும் என்று அவரை நாம் கேட்கவில்லை. கண்களைத் திறந்து இலையைப் பார்க்கட்டும். வயலில் நின்றவர், அடுப்பில் நின்றவர், பரிமாறி நிற்பவர் ஆகியோரை எண்ணட்டும். பக்கத்து மேசையில் வெறுந்தேநீரோடு அமர்ந்திருப்பவர் எவரேனும் உளரா என்றும் பார்க்கட்டும். காலையில் அவர் பெற்ற அப்பம் எதற்கென்று அப்போது அவருக்கு விளங்கும்.